ஷையார் யார்?

சென்ற ஆவணியில் ஓர் இளைஞர் என் மேசைக்கு வந்தார். கையில் ஒரு பழைய கிரயப் பத்திரம். அவருடைய கொள்ளுத்தாத்தா 1937-ல் நிலம் வாங்கியபோது எழுதியது. மடித்த இடமெல்லாம் விட்டுப்போய், பின்பக்கம் யாரோ காலண்டர் தாளை வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

“அம்மா, எனக்குத் தமிழ் நல்லாவே படிக்க வரும். ஆனா இதுல ஷையார்னு ஒருத்தர் வரிக்கு வரி வர்றார். எங்க குடும்பத்துல அப்படி ஒரு பேரே கிடையாது. அவருக்கும் இந்த நிலத்துல பங்கு உண்டா?” என்று கேட்டார். முகத்தில் உண்மையான கவலை.

“அது ஆள் இல்லை தம்பி, குறி. மேற்படின்னு அர்த்தம். ஷையார்னா மேற்படியார். உங்க கொள்ளுத்தாத்தாவுக்கு நிலத்தை வித்தவரைத்தான் அப்படிச் சொல்லியிருக்கு” என்றேன்.

அவர் நிம்மதியாகப் போய்விட்டார். எனக்குத்தான் அன்றைக்கு வேலை ஓடவில்லை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை இந்தக் குறிகளை வைத்துத்தான் சோறு சாப்பிட்டது. தாத்தா கிராமக் கணக்குப்பிள்ளை. அப்பா பத்திர எழுத்தர். நான் தஞ்சை மாவட்டத்துத் தாலுகா ஊர் ஒன்றில், சார்பதிவாளர் அலுவலக வாசலில் தட்டச்சு மேசை போட்டவள். மூன்று பேருக்கும் உள்ளபடி ஒரே தொழில்தான். நீளமானதைச் சுருக்கி எழுதுவது. சுருக்கி எழுதியதை வந்து கேட்பவருக்கு விரித்துச் சொல்வது. இப்போது கணினியில் இரண்டு எழுத்தைத் தட்டினால் இருபது எழுத்து வந்து விழுகிறது. அதைப் புதுமை என்று பிள்ளைகள் எனக்குக் காட்டும்போது, தாத்தாவின் கணக்கு ஏடுதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

தாத்தா தேதி எழுதும் அழகைச் சொல்ல வேண்டும். ‘ஈசுவர வருஷம் ஆடி மாதம் இருபத்தெட்டாம் தேதி’ என்று அவர் எழுதியதே இல்லை. ஈசுவர௵ ஆடி௴ 28௳. அவ்வளவுதான். ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள். ஒரே வீச்சில், எழுத்தாணியோ பேனாவோ மேலே எழாமல் போடும் சுழிகள். கணக்கில் ௶ என்றால் பற்று, ௷ என்றால் வரவு. ௹ ரூபாய், ௺ எண் அல்லது நிலுவை என்று இடத்துக்கு ஏற்பப் படிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ௸, மேற்படி. ஒரே ஊரில், ஒரே பெயருள்ள ஆளின், ஒரே புல எண்ணுக்கு உட்பட்ட நிலத்தைப் பற்றி ஐம்பது வரி எழுதுகிறவனுக்கு, ‘மேற்படி’ என்பதுதான் நாளைக்கு நூறு தடவை வரும் சொல். அதற்கு ஒரு சுழி கிடைத்தது அவனுக்கு வரம்.

இவை தவிர அளவைகளும் பின்னங்களும் உண்டு. மா என்றால் இருபதில் ஒரு பங்கு, காணி என்றால் எண்பதில் ஒரு பங்கு, முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு. ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம். நன்செய்க்கு ஒன்று, புன்செய்க்கு ஒன்று, வேலிக்கு ஒன்று, குழிக்கு ஒன்று. தாத்தாவின் ஒரு பக்கத்தை இன்று முழுச் சொற்களாக விரித்து எழுதினால் நான்கு பக்கம் வரும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதை நான் வெகுகாலம் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். ஏட்டுச்சுவடியில் நிறுத்தக்குறி கிடையாது. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் விதித்திருந்தாலும், ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிட்டார்கள். எழுத்தாணியின் முனை ஒரே இடத்தில் அழுந்தினால் ஓலை பொத்துக்கொள்ளும். அதனால் க என்று எழுதியிருப்பது கவா, க்-ஆ என்று படிக்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். எகரமும் ஏகாரமும் ஒரே மாதிரி இருந்தன. அந்தக் குறையை 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர்தான் கொம்பை மாற்றியும் காலிட்டும் தீர்த்தார். ஆக ஓலை முழுவதுமே ஒருவகைச் சுருக்கெழுத்துதான். விட்டதைப் படிப்பவர் மனத்தில் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

அப்படி இடைவெளியும் புள்ளியும் இல்லாமல் ஓடுகிற வரியின் நடுவே, ‘இது சொல்லின் பகுதியில்லை, விரித்துப் படிக்க வேண்டிய குறி’ என்று எப்படிக் காட்டுவது? வடிவத்தால் காட்டினார்கள். ௸ எந்தத் தமிழ் எழுத்தும் இல்லை. ௵ எந்தச் சொல்லிலும் வராது. பார்த்தவுடன் கண் நிற்கும். சுருக்கம் எதுவானாலும் அதன் உயிர் இங்கேதான் இருக்கிறது: சாதாரணச் சொல்லோடு அது குழம்பக் கூடாது. இதை ஒரு கணினிப் பிழையில் நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அதற்கு வருகிறேன்.

அச்சு வந்த பிறகு நிலைமை மாறியது. தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ல் கொல்லத்தில் வெளியானது. தரங்கம்பாடியில் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அச்சுக்கூடம் ஓடியது. காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் அடைப்புக்குறியும் ஐரோப்பியர் வழியாக அச்சுக்கு வந்து, 19-ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் பதிப்புகளில் ஒழுங்காக அமர்ந்தன. அதற்குப் பிறகு சுருக்கத்துக்கு விசித்திர வடிவம் தேவைப்படவில்லை. சிறு கோடும் புள்ளியும் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டன.

பள்ளியில் எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த வாத்தியார் வீட்டில் பழைய உரைப் பதிப்புகள் நிறைய இருந்தன. விடுமுறையில் அவருக்காக அட்டை போடப் போவேன். பக்கத்துக்குப் பக்கம் (இ-ள்.) என்று வரும். ‘இதன் பொருள்’. பத்தி முடியும் இடத்தில் எ-று என்று வரும். ‘என்றவாறு’. உ.வே. சாமிநாதையர் பதிப்புகளில் (பி-ம்.) என்று அடிக்குறிப்பில் பார்த்தேன். ‘பிரதிபேதம்’, அதாவது வேறொரு சுவடியில் உள்ள பாடம். முதல் எழுத்து, ஒரு சிறு கோடு, கடைசி எழுத்து. நடுவில் இருப்பது என்னவென்று படிப்பவருக்குத் தெரியும்.

சீவக சிந்தாமணி 1887-லும் பத்துப்பாட்டு 1889-லும் அவர் பதிப்பில் வந்தன. அந்த நூல்களில் எத்தனை இடத்தில் ‘என்றவாறு’ வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்தையும் கையால் பொறுக்கி அச்சுக்கோத்த காலம் அது. அந்தச் சிறு கோட்டால் எத்தனை ஈய எழுத்து மிச்சமாகியிருக்கும், எத்தனை விரல் ஓய்ந்திருக்கும்! என்னைக் கேட்டால், தமிழில் செய்யப்பட்ட சுருக்க முறைகளிலேயே மிகச் சிறந்தது இந்தச் சிறு கோட்டு முறைதான். பார்ப்பதற்கு அடக்கம், விரிப்பதற்கு எளிது, வேறு எந்தச் சொல்லோடும் மோதாது.

அப்பா பத்திரம் எழுதிய காலத்தில் ஓலையின் சுழியும் அச்சின் புள்ளியும் ஒன்றாக ஓடின. ஒரே பத்திரத்தில் ௸ நிலம் என்றும் இருக்கும், த/பெ என்றும் இருக்கும். ‘தந்தை பெயர்’. மணமான பெண்ணாக இருந்தால் க/பெ, ‘கணவர் பெயர்’. அப்பா ஸ்டீல் நிப்பில்தான் எழுதுவார். 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகும், தும்பிக்கை வைத்த பழைய லையைக் கடைசிவரை அவர் விடவில்லை.

1980 நவம்பரில் பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவிகளை அரசு ஒழித்தது. கணக்குப்பிள்ளை என்ற பதவி போய், பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அது நியாயமான முடிவு. பிறப்பால் ஒரு வேலை ஒரு வீட்டுக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது. தாத்தா பேத்தி என்பதற்காக நான் வேறு மாதிரி பேசமாட்டேன். ஆனால் அந்த மாற்றத்தில் ஒன்று கவனிக்கப்படாமல் போயிற்று. இந்தக் குறிகள் அத்தனையையும் தினமும் எழுதி, தினமும் படித்துக்கொண்டிருந்த கடைசிக் கூட்டம் கணக்குப்பிள்ளைகள்தான். அவர்கள் வைத்துவிட்டுப் போன கட்டுகளைப் படிக்க அடுத்து வந்தவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நான் தட்டச்சுப் பள்ளியில் சேர்ந்தது 1982-ல். காலை ஏழு மணி வகுப்பு. யளனக, யளனக என்று ஒரு வாரம் முழுக்க இடது கை. பிறகு வலது கை. தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தின் கதையை அந்தப் பள்ளியின் ஐயா சொல்லித்தான் கேட்டேன். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886-ல் பிறந்து மலாயாப் பக்கம் போன ஆர். முத்தையா என்பவர், வணிக நிறுவனத்தில் வேலைபார்த்துக்கொண்டே 247 எழுத்தை எப்படி ஓர் ஆங்கில இயந்திரத்துக்குள் அடக்குவது என்று வருஷக்கணக்கில் முயன்றார். ஜெர்மனியின் சைடல் அண்ட் நவ்மன் தொழிற்சாலையில் ‘பிஜு’ என்ற சிறிய இயந்திரமாக அது உருவானது.

அவர் கண்ட வழியின் சாரம் நகரா விசை. சாதாரண விசையைத் தட்டினால் உருளை ஓர் எழுத்து இடம் நகரும். நகரா விசையைத் தட்டினால் நகராது. புள்ளியை முதலில் தட்டுவோம். தாளில் வெறும் புள்ளி விழும். உருளை அங்கேயே நிற்கும். அதன் கீழே ம-வைத் தட்டினால் ம் ஆகிவிடும். எழுதும்போது எழுத்துக்குப் பின் வரும் புள்ளி, தட்டும்போது எழுத்துக்கு முன் வந்துவிடும். இதற்கு மனம் பழக எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

அந்தப் புள்ளி விசை இருந்த இடம் வலது கையின் சுண்டுவிரலுக்குக் கீழே. ஆங்கில இயந்திரத்தில் அரைப்புள்ளி இருக்கும் இடம். ஆங்கிலத்தில் பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ வருகிற குறிக்குச் சுண்டுவிரல் போதும். தமிழில் ஒரு வரியில் பத்துப் புள்ளிக்குக் குறையாது. ‘எழுதிக்கொடுத்தவர்’ என்ற ஒரு சொல்லிலேயே மூன்று. இருப்பதிலேயே பலம் குறைந்த விரலுக்கு இருப்பதிலேயே அதிக வேலை. என் வலது சுண்டுவிரல் மூட்டு இன்றைக்கும் மார்கழிக் குளிரில் மடங்காது.

இயந்திரத்தில் விசைகள் 40-க்குச் சற்று மேல்தான். அதில் உயிர், மெய், கிரந்தம் எல்லாம் போக, தாத்தாவின் சுழிகளுக்கு இடமில்லை. என் இயந்திரத்தில் ௸ இல்லை, ௵ இல்லை. அப்பா கையால் எழுதித் தந்த நகலைப் பார்த்து அடிக்கும்போது ௸ வரும் இடத்தில் என்ன செய்வது? எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்ததைத்தான் நானும் செய்தேன். பார்ப்பதற்கு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது என்று ‘ஷை’ அடித்தோம். சிலர் ‘ஷெ’ அடித்தார்கள். ஷை சொத்து, ஷையார், ஷை கிராமம். அடித்த எங்களுக்கும் தெரியும், படித்த வக்கீலுக்கும் தெரியும், பதிவு செய்த அதிகாரிக்கும் தெரியும். அது போதும் என்று இருந்துவிட்டோம்.

அங்கேதான் தவறு நடந்தது. அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு. ௸ என்பது பார்த்தவுடன் ‘நான் குறி’ என்று சொல்லும். ‘ஷை’ அப்படிச் சொல்லாது. அது சாதாரணச் சொல் மாதிரி உட்கார்ந்திருக்கும். கோடும் புள்ளியும் கூட அதற்குத் துணை வைக்கவில்லை. ஒரு தலைமுறை போனதும் படிக்கிறவர் அதை ஆள் பெயர் என்று நினைக்கிறார். அந்த இளைஞரிடம் ஒரு குறையும் இல்லை.

சுருக்கத்துக்கு விரிவு எழுதிவைத்திருந்த துறைகளும் இருந்தன. தந்தி அலுவலகத்தில் வாழ்த்துச் செய்திகளுக்கு எண் உண்டு. படிவத்தில் எண்ணை மட்டும் எழுதினால் போதும், போய்ச்சேரும் ஊரில் முழு வாழ்த்தாக எழுதிக் கொடுப்பார்கள். பட்டியல் சுவரிலேயே தொங்கும். 2013 ஜூலையில் தந்திச் சேவை நிற்கும்வரை அந்த முறை யாரையும் குழப்பவில்லை. அமெரிக்காவில் 1879-ல் வால்டர் பிலிப்ஸ் என்ற செய்தித் தந்தியாளர் ஒரு முழுப் புத்தகமாகவே சுருக்கங்களை அச்சிட்டார். அந்த நாட்டு அதிபரை இன்றும் ‘போட்டஸ்’ என்று சுருக்கிச் சொல்வது அந்த வழியில் வந்ததுதான். பட்டியல் அச்சில் இருந்ததால் 140 வருஷத்துக்கு முந்தைய தந்தியை இன்றும் விரித்துப் படிக்கலாம். எங்கள் தொழிலில் பட்டியல் எங்கள் தலைக்குள் மட்டுமே இருந்தது.

கணினி என் மேசைக்கு 2003-ல் வந்தது. முதலில் பாமினி எழுத்துரு. விசைகள் தட்டச்சு இயந்திரத்தில் இருந்தபடியே இருந்ததால் கை பழகியிருந்தது. ஆனால் ஒன்று தெரியாமல் இருந்தேன். திரையில் நமக்குத் தெரிவது தமிழ். கணினிக்கு உள்ளே தெரிவது ஆங்கில எழுத்து. நான் அடிக்கும் மெய்ப்புள்ளி அதற்கு அரைப்புள்ளி. ‘அம்மா’ என்ற சொல்லின் நடுவில் ஒரு நிறுத்தக்குறி நிற்பதாகவே அது நினைத்தது. முற்றுப்புள்ளி வைத்து அடுத்த வாக்கியம் தொடங்கினால், ஆங்கில வழக்கப்படி முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகத் தானே மாற்றும். பாமினியில் சிறிய எழுத்தில் க இருக்கும் விசைக்குப் பெரிய எழுத்தில் கு. ம-வுக்கு மு. அதனால் வாக்கியம் ‘கணவர்’ என்று தொடங்கினால் ‘குணவர்’ ஆனது. ‘மகன்’ என்று தொடங்கினால் ‘முகன்’ ஆனான். பத்திரத்தில் ஓர் எழுத்து மாறினால் ஆளே மாறிவிடுவார். அந்த வசதியை நிறுத்தும் இடத்தைக் கண்டுபிடிக்கும்வரை ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்குப் பிறகும் இரண்டு தடவை பார்த்தேன்.

கணினியில் சுருக்க விரிவைச் சொல்லிக்கொடுத்தவன் என் அண்ணன் மகன். “அத்தை, அடிக்கடி வர்ற சொல்லை ஒருமுறை சொல்லிவச்சிட்டா, ரெண்டு எழுத்து அடிச்சா போதும்” என்றான். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தாத்தாவின் சுழி திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன். அன்று இரவே உட்கார்ந்து முதல் சுருக்கமாக ‘மே’ என்று அடித்தால் ‘மேற்படி’ என்று விரியும்படி வைத்தேன்.

ஏப்ரல் வரை அருமையாக ஓடியது. மே மாதம் பதினான்காம் தேதி ஒரு செட்டில்மெண்ட் பத்திரம். ஒரு தாய் தன் மகளுக்கு வீட்டை எழுதிக்கொடுத்தார். முத்திரைத்தாளில் அச்செடுத்துக் கையெழுத்துக்குக் கொடுத்துவிட்டேன். அந்த அம்மாள் எழுத்துக்கூட்டி முதல் வரியைப் படித்தார்: ‘2009-ஆம் வருடம் மேற்படி மாதம் 14-ஆம் தேதி’. மே என்று அடித்து இடைவெளி விட்டதும் அது மேற்படியாக விரிந்துவிட்டது. பத்திரத்தின் முதல் வரியிலேயே மாதம் இல்லை. அடித்துத் திருத்தி, கீழே அடித்தல் திருத்தல் விவரம் எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டுச் சரிசெய்தோம். அந்த அம்மாள் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால்? நினைத்தால் இன்றைக்கும் மனம் பதறுகிறது.

தாத்தா ௸ போட்டபோது அது மே மாதத்தோடு மோதவே முடியாது. நான் குறியைச் சாதாரணச் சொல்லாக வைத்தேன், அதனால் மோதியது. ஷையில் செய்த அதே தவறு.

அப்போதுதான் வாத்தியார் வீட்டு (இ-ள்.) நினைவுக்கு வந்தது. பழைய சுருக்கங்களை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். மே-டி என்றால் மேற்படி. செ-தி என்றால் செக்குபந்தி, நிலத்தின் நான்கெல்லை விவரம். பு-ய் என்றால் ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’ என்ற மூன்று சொல்லும் சேர்ந்து வரும். தமிழில் எந்தச் சொல்லும் இப்படி நடுவில் கோடு போட்டு இரண்டு எழுத்தில் முடியாது.

தமிழுக்கே உரிய இன்னொரு சிக்கல் இருந்தது. ஆங்கிலத்தில் சொல் பெரும்பாலும் அப்படியே நிற்கும். நமக்கு வேற்றுமை உருபு ஒட்டும். எழுதிக்கொடுத்தவர், எழுதிக்கொடுத்தவரை, எழுதிக்கொடுத்தவருக்கு, எழுதிக்கொடுத்தவரால். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருக்கம் வைத்தால் பட்டியல் பத்திரத்தைவிட நீளமாகிவிடும். ஆகவே சொல்லை முழுசாக விரிக்காமல், உருபு ஒட்டும் இடத்துக்கு முன்னால் நிறுத்தினேன். எ-வ என்றால் ‘எழுதிக்கொடுத்தவ’ வரைதான் விரியும். வா-வ என்றால் ‘எழுதிவாங்குபவ’. மீதியை வாக்கியம் கேட்கிறபடி கையால் அடிப்பேன். இதற்கு இடைவெளிக்காகக் காத்திராமல், கடைசி எழுத்து விழுந்த கணமே விரியும் மென்பொருள் தேவைப்பட்டது. அதையும் அண்ணன் மகன்தான் தேடிப் போட்டுத் தந்தான்.

அதற்குள் நான் தமிழ்99 விசைப்பலகைக்கு மாறியிருந்தேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை அடுத்து, அதே ஆண்டில் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை அது. ஐம்பது வயதை நெருங்கும்போது விரல் பழக்கத்தை மாற்றுவது சுலபமில்லை. ஆனால் அதில் புள்ளியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன். இடது கை ஆட்காட்டி விரலுக்குக் கீழே. பலமான விரல். அதோடு பாதிப் புள்ளிகளைத் தட்டவே வேண்டாம். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி விழும். அ, ம, ம, ஆ என்று நாலு தட்டில் ‘அம்மா’. ங-வுக்குப் பின் க, ந-வுக்குப் பின் த, ண-வுக்குப் பின் ட என்று இன எழுத்து வந்தாலும் அப்படியே. ‘மமதை’ மாதிரி அரிதாகப் புள்ளி வேண்டாத இடத்தில் நடுவில் அகரத்தைத் தட்டித் தடுக்கலாம்.

இதைச் செய்தவர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன். ஓலை எழுதியவர் புள்ளியை விட்டார்; படித்தவர் மனத்தில் நிரப்பிக்கொண்டார். தமிழ்99-ல் நான் புள்ளியை விடுகிறேன், கணினி நிரப்புகிறது. எந்த எழுத்துக்குப் பின் எது வரும் என்ற தமிழின் இலக்கணமே அங்கே சுருக்கப் பட்டியலாக நிற்கிறது. அதனால் அது தப்புவதில்லை. இந்தப் பலகையில் அரைப்புள்ளி இருந்த இடத்துக்கு ந வந்துவிட்டது. ஆங்கிலத்தில் அடிப்பவர்கள் சுருக்கத்துக்கு முன்னால் அரைப்புள்ளி வைப்பார்களாம். எனக்கு அது கைக்கு எட்டாது. சிறு கோடு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. உரைப் பதிப்புகளின் அந்தக் கோடுதான் கணினியிலும் எனக்கு வசதியாக அமைந்தது.

தாத்தாவின் சுழிகளும் கணினிக்கு வந்துவிட்டன. ௳ முதல் ௺ வரை எட்டுக் குறிகளும் 2003-ல் யூனிகோடில் சேர்க்கப்பட்டன. 2019-ல் இன்னும் 51 குறிகள் சேர்ந்தன. முந்திரி முதலான பின்னங்கள், ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு, காசு, பணம், வராகன், குழி, வேலி, நன்செய், புன்செய், வகையறா. பட்டியலின் கடைசியில், எழுத்து முடிந்தது என்பதற்கான குறிகூட இருக்கிறது. இதற்காக உழைத்தவர்கள் பழைய ஆவணங்களைத் தேடித் தேடிச் சான்று காட்டியிருக்கிறார்கள். இப்போது என் கணினியில் ஷை-யை அடித்து ஒரு கோடு போட்டால் ௸ வருகிறது. புதுப் பத்திரத்தில் அதை நான் போடுவதில்லை. படிக்கிறவருக்குத் தெரியாத குறியைப் போடுவது நியாயமில்லை. பழைய பத்திரத்துக்கு நகல் அடிக்கும்போது மட்டும், இருக்கிறபடியே ௸ அடித்து, கீழே ‘மேற்படி’ என்று விளக்கம் கொடுக்கிறேன்.

என் சுருக்கங்கள் இப்போது இருநூற்றுச் சொச்சம். அத்தனையையும் கோடு போட்ட நோட்டில் இடது பக்கம் சுருக்கம், வலது பக்கம் விரிவு என்று எழுதி, அடுத்த மேசையில் வேலை கற்கும் பெண்ணிடம் கொடுத்திருக்கிறேன். கணினி கெட்டுப்போனாலும் நோட்டு இருக்கும். நான் இல்லாமல் போனாலும் இருக்கும்.

உங்கள் வீட்டுப் பரணிலோ பீரோவிலோ தாத்தா காலத்துப் பத்திரம் கட்டாயம் ஒன்று இருக்கும். அடுத்த முறை அதை வெளியே எடுக்கும்போது ஒரு வெள்ளைத் தாளில் இந்த எட்டையும் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள்: ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய், ௺ எண். ‘ஷை’ என்றோ ‘ஷெ’ என்றோ இருந்தால் அதுவும் மேற்படிதான் என்று ஒன்பதாவதாக எழுதுங்கள். வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர் இருந்தால், அவர் அருகில் உட்கார்ந்து எழுதுங்கள். இன்னும் நாலு குறிக்கு அவர் விரிவு சொல்வார்.